பூசாத சுவருக்கு மூன்று சென்டிமீட்டர்

காலை ஆறு மணிக்குத் தெனிட்சா தன் மாமியாரின் மாவுப் பலகையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

கோபத்தில் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாமியார் ரூமியானாவின் மேல் அவளுக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவளுடைய கோபமெல்லாம் கொழுந்தன் ஒக்னியான் மேல்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் போட்ட சண்டையைப் பல்கேரியாவின் ரூசே நகரமே கேட்டிருக்கும். டானூப் நதிக்கு அக்கரையில் ருமேனியாக்காரர்கள்கூடக் கேட்டிருக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். நிமோனியா வந்து ரூமியானா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வீட்டுச் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருக்கும் பூஞ்சைதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன மறுநாளே தெனிட்சா ஆள் வைத்து மூன்று அறைகளின் பூச்சையும் செங்கல் தெரிய உடைத்துத் தள்ளினாள். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு ரேடியேட்டர்களும் தெருவுக்குப் போயின. புதிதாக மூன்று வாங்கியாயிற்று. மாட்டித்தர வீட்டிலேயே பிளம்பர் இருக்கிறானே, கேட்க வேண்டுமா?

ஒக்னியான் வந்தான், மாட்டினான், கைதட்டலுக்குக் காத்திருந்தான். பின்னாலேயே வந்த பூச்சு மேஸ்திரி மின்ச்சோ ரேடியேட்டருக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். விரல் நுனிகூட நுழையவில்லை.

"தம்பி, இதுக்குப் பின்னாடி நான் எதை வச்சுப் பூசறது? டீ ஸ்பூனாலயா?"

"அண்ணி, இந்த ஆளை வெளியே போகச் சொல்லு."

"அவர் சொல்றது சரிதானே, ஓகி? பூச்சு வர்றதுக்கு இடம் வேணாமா?"

"டிராலி பஸ் ஓட்டறவ எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா?"

அவ்வளவுதான். மூன்று ரேடியேட்டர்களையும் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, வால்வுகளையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவன் போனவன் போனவன்தான். ஒரு வாரமாகக் குழாய்கள் செங்கல் சுவரை ஒட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

ஊருக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் கம்பெனிக்காரர்கள் நேற்று மாலை வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டிப் போயிருந்தார்கள். இன்று மாலை நான்கு மணிக்கு வெப்பமூட்டும் குழாய்களில் தண்ணீர் ஏற்றப்படும். திறந்த குழாய் வைத்திருப்பவர்களே சேதத்துக்குப் பொறுப்பு. ஏற்றிய தண்ணீர் வசந்த காலம் வரை இறக்கப்படாது.

அதாவது நான்கு மணிக்குள் ரேடியேட்டரும் வால்வும் ஏறாத அறையில் குழாய்க்கு மூடி போட்டுவிட வேண்டும். மூடி போட்டால் அந்த அறைக்கு இந்தக் குளிர்காலம் முழுக்கச் சூடு கிடையாது.

இது போதாதென்று நாத்தனார் ஸ்னெஜானா வர்னாவிலிருந்து இன்றைக்கே காரில் வருகிறாள். ஆஸ்பத்திரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவாளாம். "ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பேன். சூடா இருந்தா அம்மா அங்க இருக்கட்டும். இல்லைன்னா அப்படியே வர்னாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். போனா போனதுதான், திரும்ப அனுப்ப மாட்டேன்" என்று போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

மாமியார் எப்போது கிளம்புவாள் என்று விரல் விட்டு எண்ணும் மருமகள்களுக்கு இந்தக் கதை விளங்காது. தெனிட்சாவுக்கு ரூமியானா வேண்டும். பதினொரு வருடமாக, அதிகாலை ஷிப்டுக்கு அவள் கிளம்பும்போதெல்லாம் ரூமியானாவும் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள். அக்கம்பக்கத்து வம்பையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் இருவரும் அலசிக் காயப் போட்டுவிடுவார்கள். இந்த மூன்று வாரமாகத் தனியாகக் காப்பி குடிப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

கணவன் லியூபென் சரக்குப் படகில் ஆஸ்திரியா பக்கம் எங்கோ நதியில் இருந்தான். அறுத்த தூசியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"தெனி, அக்கா சொல்றபடியே விட்டுடேன். வசந்தத்துல அம்மாவைத் திரும்பக் கூட்டிக்கலாம்."

"உங்க அக்கா திரும்ப அனுப்பறவளா?"

"ரேடியேட்டரை எப்படி மாட்டுவ? ஓகியும் இல்ல. இன்னிக்கு டிமித்ரோவ்தென் பண்டிகை வேற. ஊர்ல ஒரு கொத்தனாரும் சுத்தியலைத் தொட மாட்டான்."

"நான் கொத்தனார் இல்லையே. நான் தொடலாம்."

போனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அவள் யோசித்தது எளிய கணக்கு. மின்ச்சோவின் பூச்சு மூன்று சென்டிமீட்டர் வரும். ஒக்னியான் செங்கல்லிலிருந்து அளந்தான். அளக்க வேண்டியது வரப்போகிற சுவரிலிருந்து. அந்தச் சுவர் இப்போது இல்லை. இல்லாத சுவருக்குப் பதிலாக மூன்று சென்டிமீட்டர் கனத்தில் மரக்கட்டை வைத்து, அதன் மேல் பிராக்கெட்டை வைத்து நீள ஸ்க்ரூவால் முடுக்கினால் தீர்ந்தது. பிறகு பூசும்போது கட்டைக்குச் சமமாகப் பூச்சு வந்து நிற்கும்.

வீட்டிலிருந்த மரத்தையெல்லாம் அளந்தாயிற்று. அலமாரித் தட்டு இரண்டு. மேஜை நான்கு. கட்டில் சட்டம் இரண்டரை. அடித்துவைத்தாற்போல் மூன்று சென்டிமீட்டர் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது ரூமியானா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த மாவுப் பலகை. நாற்பத்தைந்து வருடப் பனிட்சா அடுக்கு ரொட்டி அதன் மேல்தான் தேய்க்கப்பட்டது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகள் ரம்பத்தால் அறுத்தால் என்ன குடமோ, சாயங்காலம் தெரியும். ஒரு ரேடியேட்டருக்கு நான்காகப் பன்னிரண்டு துண்டுகள் போட்டாள்.

துளை போட டிரில் மெஷின் கீழ் வீட்டிலிருந்து வந்தது. கனமான ரேடியேட்டரைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை. லியூபெனின் கலைக்களஞ்சியம் பதினாறு தொகுதி இருந்தது. ஒரு முனையைத் தூக்கி அடியில் ஒரு தொகுதி, மறுமுனையைத் தூக்கி இன்னொரு தொகுதி என்று ஏற்றி ஏற்றி, உயரம் வந்ததும் கொக்கியில் மாட்டிவிட்டாள். வாங்கிய நாளிலிருந்து அந்தப் புத்தகங்கள் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

பன்னிரண்டரைக்குள் மாமியார் அறையிலும் கூடத்திலும் ரேடியேட்டர் ஏறிவிட்டது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. பின்னால் கையை விட்டாள். கை தாராளமாக நுழைந்தது.

இனி வால்வுதான் வேண்டும். அது இருக்கும் பையும், பை இருக்கும் ஆளும் எங்கே என்று ஊருக்கே தெரியும்.

டிமித்ரோவ்தென், அதாவது புனித டிமிதரின் நாள், கட்டடத் தொழிலாளர்களின் நாள். ஒக்னியான் வேலை பார்க்கும் குழு படகுத்துறைக்குப் பக்கத்து உணவகத்தில் நீள மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது. சுட்ட சேவல், ஊறுகாய், ராகியா சாராயம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பூச்சு மேஸ்திரி மின்ச்சோவும் மேஜைத் தலைமாட்டில் இருந்தார். இந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. இந்த நாளில் கருவியைத் தொட்டவன் அடுத்த வருட விருந்தில் உட்கார முடியாது. பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு மேஜைக்கே பரிமாற வேண்டும்.

தலைமுடியெல்லாம் செங்கல் தூளாக உள்ளே நுழைந்த தெனிட்சாவை மேஜை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் ஒக்னியானைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து மின்ச்சோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேஸ்திரி, உங்க பூச்சு எவ்வளவு கனம்?"

"மூணு சென்டி."

"இது?"

மின்ச்சோ பழக்கதோஷத்தில் பையிலிருந்த மடக்கு அளவுகோலை எடுக்கப் போனார். நாலு பேர் ஒரே நேரத்தில் "ஏய், ஏப்ரன்!" என்று கத்தினார்கள். அவர் அசடு வழியக் கையை எடுத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணேதான். பிராக்கெட்டுக்கு அடியில வைக்கவா? கெட்டிக்காரிதான். கட்டையைச் சுத்திச் சுகமாப் பூசிட்டுப் போயிடுவேனே நான்."

அப்புறம்தான் அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"ஓகி, ரேடியேட்டர் ரெண்டு ஏறிடுச்சு. வால்வைக் குடு."

"யார் மாட்டினா?"

"நான்தான்."

"ரசமட்டம் வச்சியா?"

"வச்சேன்."

"தண்ணி வர்ற குழாய் எது, திரும்பிப் போற குழாய் எது, தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சவன் இங்க உக்காந்து சேவல் கால் கடிச்சுக்கிட்டு இருக்கான்."

மேஜை முழுக்கச் சிரிப்பு. ஒக்னியானின் காது சிவந்தது.

"சும்மா சொல்லல ஓகி" என்றாள் அவள், குரலைத் தணித்து. "நாலு மணிக்குத் தண்ணி ஏத்தறான். அதுக்குள்ள முடியலைன்னா உங்க அம்மா இன்னிக்கே வர்னா போயிடுவாங்க. உனக்கு என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். அதை நாளைக்கு வச்சுக்க."

அவன் சேவல் காலைத் தட்டில் வைத்தான். அம்மா வர்னா போவது அவனுக்குப் புதுச் செய்தி. சண்டை போட்டுப் போனவனுக்கு யார் சொல்வார்கள்?

"இன்னிக்கு நான் கருவி தொட மாட்டேன்" என்றான் கடைசியில்.

"தொட வேண்டாம். பக்கத்துல நின்னு சொல்லு. நான் முறுக்கறேன்."

மணி இரண்டுக்கு ஒக்னியான் அம்மாவின் அறையில் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நின்றான். முதலில் கட்டைகளைப் பார்த்தான். குனிந்து பின்பக்கம் பார்த்தான். ரேடியேட்டரை முழங்காலால் இடித்து ஆடுகிறதா என்று பார்த்தான். ஆடவில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"இடது பக்கம் வர்ற தண்ணி. பெரிய வால்வை அங்க வை. இரு, கசியாம இருக்க முதல்ல சணல் சுத்து. மரையோட போக்குலயே சுத்தணும்."

தெனிட்சா சணலைச் சுற்றினாள்.

"எதிர்ப் பக்கம் சுத்தற. முறுக்கும்போது பிரிஞ்சு வந்துடும்."

மறுபடி சுற்றினாள்.

"இவ்வளவு தடியாவா? இது என்ன, கழுத்துக்கு மஃப்ளரா?"

மூன்றாவது தடவை அவள் சுற்றியபோது ஒக்னியானின் கை பையை விட்டு வெளியே வந்துவிட்டது. சணலைப் பிடுங்கிக்கொண்டான். பத்து நொடியில் நூல் மரையின் மேல் தைத்தாற்போல் உட்கார்ந்தது.

"கருவியைத் தொட்டுட்ட" என்றாள் தெனிட்சா.

"சணல் எப்படி கருவியாகும்? அது செடி."

"பைப் ரெஞ்ச்?"

அவன் ரெஞ்சைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டே முக்கால். "ஏப்ரன்ல பூ எந்தக் கலர்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ரெஞ்சைக் கையில் எடுத்தான்.

தொழில் தெரிந்த கை வேலை செய்யும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு தெம்பு வரும். தெனிட்சா கேட்ட சாமானைக் கேட்ட கணத்தில் நீட்டினாள். முதல் அறை முடிந்தது. கூடத்துக்குப் போனார்கள். கடைசி வால்வை இறுக்கும்போதுதான் அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"நான் புதுக் கட்டடத்துலயே மாட்டிப் பழகினவன் அண்ணி. எல்லாம் பூசி, பெயின்ட் அடிச்சு ரெடியா இருக்கும். அந்தப் பழக்கத்துல செங்கல்லயே சுவர்னு அளந்துட்டேன். மின்ச்சோ சிரிச்சதும் தாங்கல. உன்னைப் பேசினது தப்பு."

"தப்புதான்" என்றாள் தெனிட்சா. "அந்தப் பக்கத்து நட்டு லூஸா இருக்கு பாரு."

மூன்றரை ஆகிவிட்டது. மூன்றாவது அறை அப்படியே இருந்தது. அங்கே பிராக்கெட்டுக்குப் புதுத் துளைகூடப் போடவில்லை. ரேடியேட்டர் தரையில் கிடந்தது. ஒக்னியான் தலையைச் சொறிந்தான்.

"வால்வு போட்டு வைக்கலாம்னா, அன்னிக்கு அவசரமாக் கழட்டினதுல இந்தக் குழாய் மரை தேஞ்சு கிடக்கு. மூடி பிடிக்கும், வால்வு நிக்காது. வெட்டிப் புது மரை போடணும். அரை மணியில ஆகாது."

"மூடியைப் போட்டு அடைச்சுடு."

"வசந்தம் வரைக்கும் சூடு வராது, யோசிச்சுக்க."

"யோசிக்க என்ன இருக்கு? மூணாவது ரூம்ல யார் வந்து படுக்கப் போறா? லியூபெனோட அக்கார்டியனும் இஸ்திரிப் பலகையும்தானே? அதுங்களுக்குக் குளிராது. அடை."

அடைத்தான். மிஞ்சிய நான்கு கட்டைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

நான்கு அடித்து ஐந்து நிமிடத்தில் குழாய்களுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. இருவரும் ஆளுக்கொரு டார்ச்சோடு தரையில் முட்டி போட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. தெனிட்சா எழுந்து, தூசியும் துரும்புமாக இருந்த கொழுந்தனைக் கட்டி அணைத்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஆறு மணிக்குக் கீழே கார் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள் தெனிட்சா. பின் சீட்டில் கூரை முட்ட மூட்டைகள். ஆஸ்பத்திரிப் பை ஒன்றுக்கு இத்தனை மூட்டையா என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்னெஜானா அம்மாவுக்கென்று கம்பளியும் மெத்தையுமாக வாங்கிக் குவித்திருப்பாள், வர்னாவுக்குக் கொண்டுபோகும் நினைப்பு அவ்வளவு உறுதி என்று நினைத்துக்கொண்டாள்.

லிஃப்ட் இல்லாத வீடு. ஒக்னியான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். ஒவ்வொரு மாடியிலும் அதைப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, மூச்சு வாங்க விட்டு, மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

ரூமியானா வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தாள். இளைத்திருந்தாள். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"அடேயப்பா! வீட்டைத் தோலுரிச்சு வச்சிருக்கீங்களே. கோழியைக்கூட நான் இவ்வளவு சுத்தமா உரிச்சதில்ல."

"பிரைமர் அடிச்சிருக்கேன் அத்தை, தூசி உதிராது. அடுத்த வாரம் மேஸ்திரி வந்து பூசிடுவார். பூஞ்சை ஒரு பொட்டு இல்ல."

ஸ்னெஜானா யாரிடமும் பேசவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே அம்மாவின் அறைக்குப் போய், ரேடியேட்டரின் மேல்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றாள். "செங்கல் சுவரு, பச்சைத்தண்ணி ரேடியேட்டர். அம்மா, உக்காராத. கிளம்பலாம்."

தெனிட்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டாள். ஜில்லென்றுதான் இருந்தது. ஒக்னியான் மட்டும் அசையவில்லை.

"அக்கா, கீழ்ப்பக்கம் தொடு."

ஸ்னெஜானா குனிந்து தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மேல காத்து அடைச்சிருக்கு. அண்ணி, ஒரு காப்பிக் கோப்பை குடு."

சின்னச் சாவியை ஓரத்தில் வைத்துத் திருப்பினான். உஸ்ஸென்று காற்று வந்தது. நால்வரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு புளிச்சென்று கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் கோப்பையில் விழுந்தது. சாவியை மூடினான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இரும்பு சூடேறி மெல்ல டிக் டிக்கென்று விரியும் சத்தம் கேட்டது. ஸ்னெஜானா மறுபடி கையை வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ரூமியானா கட்டிலில் உட்கார்ந்தவள் ரேடியேட்டருக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்தாள். மெல்லக் குனிந்தாள். செங்கல்லுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருந்த கட்டையில் வளையமாக ஒரு தீய்ந்த தழும்பு.

"இது நான் காப்பிப் பாத்திரத்தைச் சுடச்சுட வச்ச இடமாச்சே" என்றாள்.

தெனிட்சா சுற்றி வளைக்கவில்லை.

"ஆமா அத்தை. உங்க மாவுப் பலகைதான். வீட்டுல மூணு சென்டி கனத்துக்கு வேற எதுவும் கிடைக்கல. காலைல அறுத்துட்டேன். கேட்டுட்டு அறுத்திருக்கணும்."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் கேக்கல."

ரூமியானா அந்தத் தழும்பை விரலால் தடவினாள். வெகு நேரம் தடவினாள். பிறகு காலணியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை சந்தைக்குப் போய் எனக்கு வேற பலகை வாங்கிட்டு வா. நாலு சென்டி கனம். ரேடியேட்டருக்கு ஆகாத கனமாப் பார்த்து வாங்கு. நாளைக்கு உனக்கு எத்தனை மணிக்கு ஷிப்ட்?"

"அஞ்சரைக்கு, அத்தை."

"நாலே முக்காலுக்கு எழுப்பு. மூணு வாரமா ஆஸ்பத்திரியில காப்பின்னு கழுநீரைக் குடுத்தானுங்க."

தெனிட்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. ஒக்னியான் கோப்பையில் இருந்த கறுப்புத் தண்ணீரை வெற்றிக் கிண்ணம்போல் உயர்த்திக் காட்டினான்.

ஸ்னெஜானா இன்னும் ரேடியேட்டரிடமே நின்றாள். யாரையும் பார்க்காமல் கார் சாவியை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். அந்தக் கையில் கல்யாண மோதிரம் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

"அப்ப நானும் போகல" என்றாள். "கார்ல இருக்கற மூட்டையெல்லாம் என்னோடது. என் துணிமணி. அம்மா வருவாங்க, ரெண்டு பேருமா வர்னாலயே சின்னதா ஒரு வீடு பார்த்து இருந்துக்கலாம்னு நினைச்சேன். அந்த மனுஷன் வீட்டுக்கு இனி நான் திரும்பப் போக மாட்டேன்."

ரூமியானா எழுந்து உட்கார்ந்தாள். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடமாக யார் முன்னாலும் அழாத ஸ்னெஜானா, கோட்டின் மேல் பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பெருசா எதுவும் வேண்டாம், தெனிட்சா. அந்த மூணாவது ரூம் போதும்" என்றாள். "அங்கயும் ரேடியேட்டர் மாட்டிட்டீங்கல்ல?"

ஒக்னியான் அண்ணியைப் பார்த்தான். தெனிட்சா சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம், குளிர்ந்த ஜன்னல் விளிம்பில், மாவுப் பலகையின் கடைசி நான்கு துண்டுகள் இருந்தன.